மக்களே என்று அழைத்தால் அதில் நானும் உண்டு: அன்னை உம்மு ஸலமா (ரலி)

மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகத்துக்கே (ஸல்) யோசனை சொன்ன பெண் என்று, அவர்களின் மனைவியரில் ஒருவரான உம்மு ஸலமாவைப் பற்றி ஒரு பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், ஒரே ஒரு வரி கேட்டேன், அது உண்மையா, அதைத் தவிர அவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே, அதாவது நபிமொழித் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியோடு அவரை நிறுத்திவிடுகிறோமே என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள வருத்தம். முஸ்லிம்கள் வாழும் நம் ஊர்களில் உம்மு சல்மா என்ற பெயரில் ஒரு லாத்தாவோ மாமியோ இல்லாத தெரு அபூர்வம். பெயர் மட்டும் தங்கிவிட்டது, ஆள் யாரென்று சொல்வார் குறைவு.

ஹுதைபிய்யாவிலிருந்தே தொடங்குகிறேன். ஹிஜ்ரி 6, துல்கஅதா மாதம், அதாவது கி.பி. 628. சுமார் 1400 பேர் இஹ்ராம் என்ற புனித யாத்திரை நிலையை ஏற்று, குர்பானி ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு மதீனாவிலிருந்து உம்ரா யாத்திரைக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் மக்காவிலேயே பிறந்து வளர்ந்து, துரத்தப்பட்டு, ஆறு வருடமாகச் சொந்த ஊரை எட்டிப் பார்க்க முடியாதவர்கள். ஊர் பக்கத்தில் வந்துவிட்டது, கஅபா இதோ என்கிற நேரத்தில் மக்காவை ஆண்ட குறைஷிகள் மறித்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தமும் எழுதியாயிற்று. இந்த வருடம் திரும்பிப் போய்விட வேண்டும், அடுத்த வருடம் வந்து மூன்று நாள் தங்கலாம். மக்காவிலிருந்து யாராவது தப்பி முஸ்லிம்களிடம் வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும், முஸ்லிம்களிடமிருந்து மக்காவுக்குப் போய்விடுபவரைக் குறைஷிகள் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் என்ற இளைஞர் காலில் விலங்கோடு தப்பித்து வந்து நிற்கிறார், எதிர்த்தரப்பில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுபவரோ அவருடைய சொந்தத் தகப்பன் ஸுஹைல். அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நெருங்கிய தோழரான உமர் (ரலி) போன்றவரே நபியவர்களிடம் நேராகப் போய், நாம் சத்தியத்தில் இல்லையா, பிறகு ஏன் இவ்வளவு இறங்கிப் போகிறோம் என்று கேட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் நபியவர்கள், எழுந்து குர்பானியை அறுங்கள், தலையை மழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருவரும் எழவில்லை. மூன்று முறை சொன்னார்கள். அப்போதும் ஒருவரும் எழவில்லை. நபியவர்கள் ஒன்று சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு ஓடிய கூட்டம் அது, நினைவிருக்கட்டும்.

நபியவர்கள் உம்மு ஸலமா இருந்த இடத்துக்குள் போய் நடந்ததைச் சொன்னார்கள். அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "அல்லாஹ்வின் நபியே, இது நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா? வெளியே போங்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள். உங்கள் ஒட்டகத்தை அறுத்துவிட்டு, மழிப்பவரைக் கூப்பிட்டுத் தலையை மழித்துக்கொள்ளுங்கள்." நபியவர்கள் அப்படியே செய்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்து அறுத்தார்கள், ஒருவருக்கொருவர் தலையை மழித்துவிடத் தொடங்கினார்கள். துக்கத்தில் அவர்கள் மழித்துக்கொண்ட வேகத்தில் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்களோ என்றிருந்ததாக அறிவிப்பில் வருகிறது.

அந்த யோசனையின் நுட்பம் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கும். தோழர்கள் யாரும் எதிர்க்க நினைத்து உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொரு வஹீ, அதாவது இறைச்செய்தி வந்துவிடாதா, இந்த உத்தரவு மாறிவிடாதா என்று கடைசி நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நபியவர்கள் இஹ்ராமில் இருக்கிற வரைக்கும் அந்த நூல் அறாது. அதைப் பேச்சால் அறுக்க முடியாது, நபியவர்கள் தாமே இஹ்ராமைக் களைந்துவிட்டால் போதும், முடிந்தது. உம்மு ஸலமா இதைப் புரிந்துகொண்டது தோழர்களைக் குறை சொல்லாமல்தான். உங்கள் பேச்சைக் கேட்காத இவர்கள் என்ன மனிதர்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்தை வைத்து, சரியான ஆலோசனை சொன்ன பெண் இவர் ஒருவரைத் தவிர யாரும் தெரியவில்லை என்ற பொருளில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி என்ற அறிஞர் சொன்னதாக, புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் எடுத்துக் காட்டுகிறார். கூடவே, மூஸா நபியை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தப் பெரியவரின் மகள் என்னாவது என்று மற்ற அறிஞர்கள் மறுத்ததையும் எழுதியிருக்கிறார். மறுத்தவர்கள் பக்கம்தான் நான். விதிவிலக்கு என்று பாராட்டுவதும் ஒரு வகையில் ஆளை ஓரங்கட்டுவதுதான். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று அவருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே தெரியும்.

அவருடைய சொந்தப் பெயர் ஹிந்த். குறைஷியரில் மக்ஸூம் குலம், பணமும் படைபலமும் உள்ள வீடு. அபூ ஜஹ்லும் காலித் பின் வலீதும் அவருக்குச் சிறிய தந்தை, பெரிய தந்தை மக்கள். தகப்பனார் அபூ உமய்யாவை 'பயணியின் கட்டுச்சோறு' என்று அழைப்பார்களாம், அவரோடு பயணம் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, எல்லாருக்கும் அவரே போடுவார். இன்னொரு விஷயம், இதை யாரும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நபித்துவத்துக்கு முன்னால் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டியபோது ஹஜருல் அஸ்வத் என்ற கருங்கல்லை எந்தக் குலம் தூக்கி வைப்பது என்று வாள் உருவும் அளவுக்குச் சண்டை வந்தது அல்லவா, அப்போது இந்த வாசல் வழியாக முதலில் வருபவரிடம் தீர்ப்பை விட்டுவிடுவோம் என்று சொன்ன முதியவர் இந்த அபூ உமய்யாதான். முதலில் வந்தவர் முஹம்மது (ஸல்). ஒரு கூட்டம் கோபத்தில் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும்போது அதை அசைக்க ஒரு சின்ன வழி சொல்வது மகளுக்குத் தகப்பன் வீட்டுச் சொத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணவர் அபூ ஸலமா, நபியவர்களின் அத்தை மகன், பால்குடிச் சகோதரரும்கூட. இருவரும் ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்தை ஏற்றவர்கள், ஹபஷாவுக்கு, அதாவது அபிசீனியாவுக்குப் போனவர்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி முன்னால் ஜஅஃபர் (ரலி) மர்யம் அத்தியாயத்தை ஓத, மன்னர் தாடி நனைய அழுத கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்லித் தந்தவர் உம்மு ஸலமா. நாடு விட்டு நாடு போன ஒரு பெண் பார்த்ததும் கேட்டதும் இல்லாவிட்டால் இஸ்லாமிய வரலாற்றின் அந்தப் பக்கத்தில் பாதி வெற்றாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு மக்காவுக்குத் திரும்பி, அங்கிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத், அதாவது குடிபெயர்தல். இந்தப் பகுதியை உம்மு ஸலமாவின் வாயாலேயே வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். அபூ ஸலமா ஒட்டகத்தில் சேணம் பூட்டி மனைவியை ஏற்றி, மடியில் குழந்தை ஸலமாவை வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். உம்மு ஸலமாவின் குலத்தார் ஓடி வந்து மறித்தார்கள். நீ போவது உன் இஷ்டம், எங்கள் வீட்டுப் பெண்ணை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைய விடமாட்டோம் என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அபூ ஸலமாவின் குலத்தாருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஆளிடமிருந்து மனைவியைப் பிரித்தீர்கள் அல்லவா, எங்கள் பிள்ளையை அவளிடம் விடமாட்டோம் என்று இவர்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கமாகக் குழந்தையை இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் பிள்ளையின் கை மூட்டு பிசகிவிட்டது. கடைசியில் கணவர் மதீனாவில், மகன் மாமனார் வீட்டாரிடம், இவர் தாய்வீட்டில் சிறைபோல. ஒரே நாளில் மூன்று பேரும் மூன்று இடம்.

தினமும் காலையில் மக்காவின் அல்-அப்தஹ் என்ற இடத்துக்குப் போய் உட்காருவார், மாலை வரை அழுவார். ஒரு வருடம், அல்லது ஏறத்தாழ ஒரு வருடம். ஒருநாள் அவருடைய உறவினர் ஒருவர் அந்த வழியே போனவர் முகத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், இந்தப் பாவப்பட்ட பெண்ணை விட்டுத் தொலையுங்களேன், புருஷனிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் பிரித்துவைத்திருக்கிறீர்களே என்று தம் ஆட்களிடம் பேசினார். அப்புறம்தான் விட்டார்கள். பிள்ளையும் திரும்பக் கிடைத்தது. துணைக்கு யார் என்று காத்திருக்கவில்லை. ஒட்டகத்தில் ஏறி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சுமார் 450 கிலோமீட்டர் பாலைவனப் பாதையில் தனியே புறப்பட்டுவிட்டார்.

மக்காவின் எல்லையிலுள்ள தன்ஈமில் உஸ்மான் பின் தல்ஹா என்பவர் எதிர்ப்பட்டார். அவர் அன்றைக்கு முஸ்லிம் இல்லை. "அபூ உமய்யாவின் மகளே, எங்கே போகிறீர்கள்?" "மதீனாவுக்கு, என் கணவரிடம்." "துணைக்கு யாரும் இல்லையா?" "அல்லாஹ்வையும் இந்தச் சின்னப் பிள்ளையையும் தவிர யாரும் இல்லை." உங்களை இப்படி விட்டுவிட்டுப் போக முடியாது என்று ஒட்டகக் கயிற்றைப் பிடித்தவர், மதீனா வரை நடந்தே வந்தார். தங்குமிடம் வந்தால் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார். இவர் இறங்கியதும் வந்து ஒட்டகத்தைக் கொண்டுபோய் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, வேறொரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வார். கிளம்பும் நேரத்தில் ஒட்டகத்தைத் தயார் செய்து கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திரும்பி நிற்பார். மதீனாவை ஒட்டிய குபா கிராமம் கண்ணில் பட்டதும், உங்கள் கணவர் இந்த ஊரில்தான் இருக்கிறார், அல்லாஹ்வின் அருளோடு போங்கள் என்று சொல்லிவிட்டு வந்த வழியே மக்காவுக்குத் திரும்பிவிட்டார். அவரைவிடக் கண்ணியமான ஒரு தோழரை நான் கண்டதில்லை என்று பல வருடம் கழித்தும் உம்மு ஸலமா சொன்னார். தன் மார்க்கத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிய இந்தச் சாட்சியம் நம் சரித்திரத்தில் பத்திரமாக இருக்கிறதென்றால், பெற்ற நன்மையை மறக்காமல் அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான். அந்த உஸ்மான் பின் தல்ஹா பிற்பாடு முஸ்லிமாகி, மக்கா வெற்றி நாளில் கஅபாவின் சாவியை நபியவர்கள் கையிலிருந்தே திரும்பப் பெற்றார்.

சேர்ந்து வாழ்ந்த காலம் நீளவில்லை. உஹதுப் போரில் அபூ ஸலமாவுக்குக் கையில் பட்ட காயம் ஆறியதுபோலத் தெரிந்து மறுபடி உடைத்துக்கொண்டது, ஹிஜ்ரி 4இல் மவுத்தாகிவிட்டார். நபியவர்கள் வந்து, திறந்திருந்த அவருடைய கண்களைத் தம் கையால் மூடினார்கள். நாடோடியாக வந்தவர் அந்நிய மண்ணில் இறந்துவிட்டாரே, ஊரே பேசும்படி ஒப்பாரி வைக்கப் போகிறேன் என்று உம்மு ஸலமா தயாரானதும், கூட அழ ஒரு பெண் வந்ததும், நபியவர்கள் தடுத்ததும் அவர் அழுகையை நிறுத்திக்கொண்டதும் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஒன்றையும் மறைக்காமல் அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்தத் துஆ, அதாவது பிரார்த்தனை. சோதனை வந்தால் 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' என்று சொல்லி, இறைவா, இந்தச் சோதனைக்குக் கூலி தா, இதைவிடச் சிறந்ததைப் பகரமாகத் தா என்று கேட்க வேண்டும் என நபியவர்கள் கற்றுத் தந்திருந்தார்கள். உம்மு ஸலமா சொல்கிறார்: அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் எங்கே இருக்கிறார் என்று என் மனதில் கேட்டுக்கொண்டேன், பிறகு சொல்லிவிட்டேன். எத்தனையோ மவுத்து வீடுகளில் இந்தத் துஆவை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அது நமக்கு வந்து சேர்ந்தது நம்பிக்கை தடுமாறிய ஒரு விதவையின் வாயிலிருந்து, அந்தத் தடுமாற்றத்தோடு சேர்ந்தே வந்தது என்பதையும் சொன்னால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்.

கணவரை இழந்த பெண் மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தா காலம் முடிந்ததும் அபூபக்கரும் உமரும் (ரலி) பெண் கேட்டார்கள், மறுத்துவிட்டார். நபியவர்கள் கேட்டபோதும் உடனே சரி என்று சொல்லவில்லை. எனக்கு ரோஷம் அதிகம், வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மூன்றையும் எடுத்து முன்னால் வைத்தார். ரோஷத்தைப் போக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன், வயது எனக்கும்தான் ஆகிறது, உன் பிள்ளைகள் என் பிள்ளைகள் என்று பதில் வந்தது. கல்யாணத்தன்று புது வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தவருக்கு ஒரு ஜாடியில் கொஞ்சம் பார்லியும், திருகையும், சட்டியில் கொஞ்சம் கொழுப்பும் கிடைத்தன. பார்லியைத் திருகையில் அரைத்துக் கொழுப்பு விட்டுக் கிண்டினார். அல்லாஹ்வின் தூதரும் மணப்பெண்ணும் அன்றிரவு சாப்பிட்டது அதைத்தான்.

உன் பிள்ளைகள் என் பிள்ளைகள் என்றது வெறும் பேச்சு இல்லை. தட்டைச் சுற்றிக் கையை ஓடவிட்டுச் சாப்பிட்ட ஒரு பையனிடம், பிள்ளையே, பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸை மதரசாவில் எல்லாப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். அந்தப் பையன் உம்மு ஸலமாவின் மகன் உமர். மகள் ஸைனபும் பிற்காலத்தில் மதீனாவின் மார்க்கச் சட்டம் அறிந்த பெண்களில் ஒருவரானார்.

ஒரு தடவை நபியவர்களின் மனைவியரைக் கண்டிக்க கத்தாபின் மகன் உமர் (ரலி) வந்தார். அவருடைய தாய் ஹன்தமாவும் உம்மு ஸலமாவும் ஒரே பாட்டனின் பேத்திகள், நம் வழக்கில் சொன்னால் உமருக்குச் சின்னம்மா முறை. கத்தாபின் மகனே, ஆச்சரியமாக இருக்கிறது, எல்லாவற்றிலும் தலையிட்டாயிற்று, இப்போது அல்லாஹ்வின் தூதருக்கும் அவருடைய மனைவியருக்கும் நடுவிலும் வரப் பார்க்கிறீரா என்று உம்மு ஸலமா கேட்டுவிட்டார். அதோடு என் கோபத்தில் ஒரு பகுதி உடைந்துபோய்த் திரும்பிவிட்டேன் என்று உமரே பிறகு சொல்கிறார்.

இனி, நான் தலைப்பில் வைத்த விஷயம். நபியவர்களின் மனைவியரின் அறைகள் பள்ளிவாசலை ஒட்டியே இருந்தன, மிம்பர் என்ற சொற்பொழிவு மேடையில் பேசுவது உள்ளே கேட்கும். ஒருநாள் பணிப்பெண் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, மக்களே என்று நபியவர்களின் குரல் கேட்டது. தள்ளிக்கொள் என்று எழுந்தார் உம்மு ஸலமா. ஆண்களைத்தானே கூப்பிட்டார்கள், பெண்களைக் கூப்பிடவில்லையே என்றாள் அந்தப் பெண். "நானும் மக்களில் ஒருத்திதான்" என்றார். இது முஸ்லிமில் இருக்கிறது. பாதி வாரிய தலையோடு எழுந்து நின்ற அந்தக் கோலத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கேள்வி கேட்கவும் அவர் தயங்கியதில்லை. ஹிஜ்ரத் விஷயத்தில் அல்லாஹ் பெண்களைக் குறிப்பிட்டு எதையும் சொல்லவில்லையே என்று கேட்டார். உங்களில் ஆணாயினும் பெண்ணாயினும் எவர் செய்த செயலையும் வீணாக்க மாட்டேன் என்ற குர்ஆனின் 3:195 வசனத்தோடு அந்தக் கேள்வி சேர்த்துச் சொல்லப்படுகிறது. கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்து ஒரு வருடம் மணலில் உட்கார்ந்து அழுதவர் அதைக் கேட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள். குர்ஆனில் ஆண்களைச் சொல்வதுபோல எங்களைச் சொல்வதில்லையே என்று இன்னொரு முறை கேட்டார். முஸ்லிமான ஆண்கள், முஸ்லிமான பெண்கள் என்று தொடங்கிப் பத்து முறை இருபாலரையும் ஜோடி ஜோடியாகச் சொல்லும் 33:35 அதற்குப் பிறகு இறங்கியதாக அஹ்மத், நஸாயீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறது. இதே கேள்வியை அன்ஸாரிப் பெண்ணான, அதாவது மதீனத்து முஸ்லிம் பெண்ணான உம்மு உமாரா கேட்டதாகத் திர்மிதி தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பல பெண்களின் மனதில் இருந்த கேள்விதான் அது.

நபியவர்களுக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு. 378 ஹதீஸ்கள் அவர் வழியாக வந்திருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள், பெண்களில் ஆயிஷா நாயகிக்கு (ரலி) அடுத்த இடம். அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பின் கூடுதலாக இரண்டு ரக்அத் தொழுவது பற்றி ஒரு கேள்வி வந்தபோது ஆயிஷா நாயகியே, உம்மு ஸலமாவிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பினார். உம்மு ஸலமா வீட்டுப் பணிப்பெண் கைராவின் மகன்தான் பிற்காலத்துப் பெரும் அறிஞர் ஹஸன் பஸரீ. தாய் வேலையாக வெளியே போன நேரங்களில் அழுத குழந்தையை எடுத்து அணைத்துத் தேற்றியவர் உம்மு ஸலமா என்கிறார்கள். ஆயிஷா நாயகியின் தரப்பும் கலீஃபா அலீயின் தரப்பும் மோதிய ஒட்டகப் போரின்போது படை புறப்படுவதை அவர் ஏற்கவில்லை, தம் மகன் உமரை அலீ (ரலி) பக்கம் அனுப்பினார். நபிக் குடும்பத்தின் மீது அவர் வைத்த அன்பால் ஷியாக்களும் அவரைப் பெரிதும் மதிக்கிறார்கள். இறந்த ஆண்டு ஹிஜ்ரி 59 என்றும் 61, 62 என்றும் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். கர்பலாவில் நபியவர்களின் பேரர் ஹுஸைன் (ரலி) கொல்லப்பட்ட செய்தி வந்தபோது உம்மு ஸலமா உயிரோடு இருந்தார் என்பதையே வரலாற்றாசிரியர் தஹபீ ஏற்கிறார். நபியவர்களின் மனைவியரில் கடைசியாக மறைந்தவர், மதீனாவின் ஜன்னத்துல் பகீ மையவாடியில் அடக்கம்.

அந்தக் கடைசிக் காலத்துக் காட்சி ஒன்று புகாரியில் இருக்கிறது. உஸ்மான் பின் அப்துல்லாஹ் பின் மவ்ஹப் என்பவர் சொல்கிறார்: என் வீட்டார் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்து என்னை உம்மு ஸலமாவிடம் அனுப்பினார்கள். நபியவர்களின் முடி சிலவற்றை அவர் ஒரு சின்ன வெள்ளிச் சிமிழில் வைத்திருந்தார். ஊரில் யாருக்காவது கண்ணேறு பட்டாலோ நோய் வந்தாலோ அவர் வீட்டுக்குப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புவார்கள். நான் சிமிழுக்குள் எட்டிப் பார்த்தேன். முடிகள் சிவப்பாக இருந்தன.